மாட்டு டாக்டரின் மூச்சு

ரைமுண்ட் பாஸ்லருக்கு வடக்கத்திப் பிணங்கள் அலுத்துப்போயிருந்தன. ஸ்வீடன் பிணம் ஏரிக்குள் கிடக்கும். டென்மார்க் பிணம் பண்ணைக் கிடங்கில் கிடக்கும். ஐஸ்லாந்துப் பிணம் எங்கே கிடக்கிறதென்று பனி உருகினால்தான் தெரியும். எங்கே கிடந்தாலும் ஜெர்மன் மொழியில் அதைக் கண்டெடுத்துக் கொடுப்பது அவன் வேலை. வடக்கிலிருந்து துப்பறியும் நாவல் எழுதுகிற யாராவது ஊர் ஊராக வாசிக்க வந்தால் பதிப்பகங்கள் அவனைக் கூப்பிடும். எழுத்தாளர் தன் மொழியில் ஒரு பக்கம் படிப்பார். யாருக்கும் புரியாது, எல்லோரும் மரியாதையாகக் கேட்பார்கள். பிறகு ரைமுண்ட் மேசை விளக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படிப்பான். சனங்கள் அதற்குத்தான் வந்திருப்பார்கள். அது எழுத்தாளர்களுக்கும் தெரியும். அதனால் அவனோடு கொஞ்சம் விறைப்பாகவே இருப்பார்கள்.

அவன் ஹில்டஸ்ஹைம் பக்கத்துக்காரன். அப்பா சர்க்கரை ஆலையில் மேஸ்திரி. மகன் நாடகப் பள்ளிக்குப் போகிறான் என்றதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை, சாகும்வரை சொல்லவில்லை. ஒரு நகராட்சி நாடக அரங்கில் ரைமுண்ட் பாதி வாழ்க்கையைக் கழித்தான். அரசனாக நடித்ததில்லை. அரசனுக்குக் கெட்ட செய்தி கொண்டுவருகிறவன், பெண்ணைக் கொடுக்க மறுக்கிற அப்பன், கதவைத் திறந்துவிடுகிற வேலைக்காரன். நகராட்சி செலவைக் குறைத்தபோது முதலில் குறைந்தது கதவு திறக்கிறவர்கள்தான். அதற்குப் பிறகு குரலை விற்றுப் பிழைத்தான். ஒரு பல் மருத்துவமனைக்குத் தொலைபேசினால் "சற்றுக் காத்திருங்கள், உங்கள் பற்கள் எங்களுக்கு முக்கியம்" என்று சொல்வது ரைமுண்ட்தான்.

இந்த அக்டோபரில் வந்தவள் நார்வேக்காரி. குன்வோர் ஹெலேலான்ட். அறுபதைத் தாண்டியவள். எழுத வருவதற்கு முன் ஏதோ தீவில் படகுத் துறை அலுவலகத்தில் வேலை பார்த்தவள். பள்ளியில் படித்த ஜெர்மனை மறக்காமல் வைத்திருந்தாள். நகர மேயரிலிருந்து ஓட்டல் வரவேற்பாளர் வரை எல்லோரையும் நீ என்றே கூப்பிட்டாள். அவள் ஊரில் அப்படித்தான். ரைமுண்டுக்கு முதல் நாளே உடம்பு கூசியது. பக்கத்து வீட்டுக்காரரை நீ என்று கூப்பிட அவனுக்கே பல வருடம் ஆகியிருந்தது.

இந்தப் பயணத்தில் அவனுக்கு ஒன்று வேண்டியிருந்தது. குன்வோரின் நாவல்கள் எல்லாவற்றையும் பதிப்பகம் ஒலிப்புத்தகமாகக் கொண்டுவரப் போகிறது. யார் குரல் என்று முடிவு செய்கிற உரிமை ஒப்பந்தப்படி குன்வோருக்கு. அவள் சரி என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரே அறையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து முழுப் புத்தகங்களைப் படிக்கலாம். தொடக்கம் முதல் முடிவு வரை. இதுவரை அவன் எந்தக் கதையையும் சனங்கள் முன்னால் முடித்ததில்லை. பாதியில் நிறுத்தி, மீதியைப் பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுந்து போவதே அவன் தொழில்.

முதல் ஊர் ஹோக்ஸ்டர். வாசிப்பு, சவப்பெட்டி விற்கிற கடையில். துப்பறியும் நாவல் என்றால் சாதாரண இடத்தில் படிக்கக்கூடாது என்று ஜெர்மன்காரர்களுக்கு ஒரு பிடிவாதம். பதிப்பகத்தின் சார்பில் காரோட்டிக்கொண்டு, கூட்டத்தையும் நடத்திக்கொண்டு கூடவே வந்த ஸில்கே அதைப் பெருமையாக அறிவித்தாள்.

"எங்க ஊர்ல நூலகத்துல படிப்போம்," என்றாள் குன்வோர், ஒரு பெட்டியின் வெள்ளை மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தபடி.

"நூலகத்துக்கு யார் வருவாங்க?"

"படிக்கிறவங்க வருவாங்க."

ரைமுண்ட் நன்றாகப் படித்தான். அது அவனுக்கே தெரிந்தது. கதையில் தீவின் மாட்டு டாக்டர் ஓட்வார், இருட்டுத் தொழுவத்தில் பசுவின் வயிற்றிலிருந்து ஒரு கன்றை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு விசாரணை அதிகாரியிடம் வானிலையைப் பற்றிப் பேசுகிற இடம். ஓட்வாருக்கு மென்மையான குரல் கொடுத்திருந்தான். வாக்கியம் முடியும் முன் ஒரு மூச்சை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிற குரல். பிறகு சாய்ந்த எழுத்தில் அச்சான அத்தியாயம். வடக்கத்தி நாவல்கள் எல்லாவற்றிலும் அப்படிச் சில உண்டு. கொலைகாரன் பெயர் சொல்லாமல் தனக்குள் பேசிக்கொள்வான். யாரென்று கடைசியில்தான் தெரியும். ரைமுண்ட் அதைப் படித்து நிறுத்தியபோது கடையில் ஒருவரும் இருமக்கூட இல்லை.

"கேள்வி ஏதாவது இருக்கா?" என்றாள் ஸில்கே.

முன்வரிசையில் கருவாலி மரச் சவப்பெட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்த அம்மாள் கையைத் தூக்கினாள். "கேள்வின்னு இல்ல. அந்த மாட்டு டாக்டர்தானே?"

"எந்த விஷயத்துல?"

"கொலை பண்றது. கன்னுக்குட்டியை இழுத்தாரே, அவர்தான். ஹெர் பாஸ்லர் அப்படியேதானே படிச்சார்?"

"எனக்கும் அப்பவே தோணிச்சு," என்றது பின்வரிசை.

"நான் இவர்கிட்ட சொன்னேன், இவர்தான் பேசாம இருன்னாரு," என்றது இன்னொரு குரல்.

குன்வோர் சிரிக்க முயன்றாள். "அந்தத் தீவுல நிறையப் பேர் இருக்காங்க. எல்லாரையும் படிச்சுப் பாருங்க."

"அதான் தெரிஞ்சுபோச்சே, இனிமே என்னத்தப் பாக்கறது?"

கடைக்காரர் வைத்திருந்த ஒயின் தீர்ந்தது. பச்சைப் பன்றிக்கறி தடவிய ரொட்டிகள் தீர்ந்தன. புத்தகங்கள் வந்த பெட்டிகளிலேயே திரும்பிப் போயின.

காரில் ரைமுண்ட் முன்னால் உட்கார்ந்தான். பின்னாலிருந்து குரல் வந்தது.

"நீ முழுப் புத்தகத்தையும் படிச்சியா?"

"படிக்காம எப்படிப் படிக்கிறது?"

"மத்தவங்க படிக்கிறதில்லையே. என் போன புத்தகத்தைப் படிச்சவன் என்னை ஸ்வீடன்காரின்னு அறிமுகம் பண்ணான். ஆனா கொலைகாரன் யாருன்னு ஒரு ஆளும் கண்டுபிடிக்கல."

"நான் ஒழுங்கா வேலை செஞ்சது தப்பா?"

"தப்புதான். நான் மூணு வருஷம் அவனை ஒளிச்சு வைச்சேன். நீ அரை மணி நேரத்துல கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டே."

"ஃப்ராவ் ஹெலேலான்ட், அது ஒரே ஆளு. தொழுவத்துல பேசறதும் அவன்தான், தனியா பேசறதும் அவன்தான். ஒரே வாய். நான் என்ன பண்றது?"

"சும்மா படி. நான் சும்மாதான் எழுதினேன்."

"சும்மான்னு ஒரு குரல் கிடையாது."

"இருக்கு. என் படகுத் துறை ஒலிபெருக்கியில இருந்தது."

ஸில்கே வானொலியைப் போட்டாள். அதில் யாரோ யாரையோ கொன்றுகொண்டிருந்தார்கள். அணைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் ரின்டெல்ன் ஓட்டலில் அவன் மார்லீசுக்குத் தொலைபேசினான். மார்லீஸ் அவனுடைய முன்னாள் மனைவி. மருந்துக் கடை வைத்திருக்கிறாள். பிரிந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள வந்தது.

"அந்தப் பொம்பளை சொல்றது நியாயம்," என்றாள். "சும்மா படிக்கச் சொன்னா சும்மா படிக்க வேண்டியதுதானே?"

"நீயுமா?"

"உனக்கு எப்பவும் நடிக்க வரும், ரைமுண்ட். நடிக்காம இருக்கத்தான் வராது. கல்யாணத்துக்கு ஆமாம்னு சொல்லும்போதுகூட அரங்கத்துப் பின்வரிசைக்குக் கேக்கற மாதிரிதான் சொன்னே."

"ஒலிப்புத்தகம் போயிடும், மார்லீஸ்."

"அப்ப அவளை ஏமாத்து. வேற குரல்ல படி. இருமல் மருந்து கேட்டு வரவன்கிட்ட தொண்டை வலின்னு சொன்னா நம்பிட்டுப் போறான்."

அதுதான் வினையாயிற்று.

ரின்டெல்னில் வாசிப்பு தீயணைப்பு நிலையத்தில். இரண்டு சிவப்பு வண்டிகளுக்கு நடுவே மேசை. ரைமுண்ட் மாட்டு டாக்டரை அப்படியே விட்டான். சாய்ந்த எழுத்து அத்தியாயத்தை மட்டும், சற்று முன் தீவின் பாதிரியாருக்குக் கொடுத்திருந்த குரலில் படித்தான். கனத்த, எச்சில் கூட்டி விழுங்குகிற குரல். படிக்கும்போதே ஏதோ உறுத்தியது. நாக்கு ஒரு பக்கம் போக எழுத்து இன்னொரு பக்கம் போனது. ஆனால் சனங்கள் அசையவில்லை. முடிந்ததும் ஒரு தீயணைப்பு வீரர் எழுந்து, "பாதிரியார்தான். சந்தேகமே இல்ல," என்றார். "நம்ம ஊரா இருந்தாலும் அப்படித்தான் இருக்கும்." கைதட்டல். புத்தகங்கள் சூடான அப்பம்போல விற்றுத் தீர்ந்தன. பாதிரியார் எப்படி மாட்டுகிறார் என்று பார்க்க எல்லோருக்கும் ஆசை.

ஸில்கேவுக்குக் கண்கள் மின்னின. "ஹெர் பாஸ்லர், அற்புதம்."

குன்வோர் கடைசிக் கையெழுத்தைப் போட்டு, பேனாவை மூடி, அவன் பக்கம் திரும்பினாள். "நீ பொய் சொன்னே."

"புத்தகம் வித்துதே?"

"என் புத்தகத்துக்குள்ள பூந்து நீ பொய் சொன்னே. நான் எதையாவது சொல்லாம விடுவேன். பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய்ப் படிச்சிட்டு அவங்க என்னைத்தான் திட்டுவாங்க, உன்னை இல்ல."

"நேத்து உண்மையைச் சொன்னேன், திட்டினீங்க. இன்னிக்குப் பொய் சொன்னேன், திட்டறீங்க. நடுவுல எங்க நிக்கிறது? சொல்லுங்க, அங்க போய் நிக்கறேன்."

"நீ நிக்கவே வேணாம்," என்றாள் குன்வோர். "மின்டன்ல அந்த அத்தியாயத்தை நானே படிக்கறேன்."

மின்டனில்தான் பெரிய திருவிழா. ஆற்றங்கரைக் கொலை வாரம் என்று பெயர். பதிப்பகத்தின் ஒலிப்புத்தகப் பொறுப்பாளர் ஹெர் டீட்ஸ் அதற்கென்றே ரயிலேறி வருவதாக இருந்தார். அவர் கேட்க வருவது அந்தச் சாய்ந்த எழுத்துகளைத்தான். மற்றதை எந்த நடிகனும் படித்துவிடுவான். ரைமுண்ட் இதையெல்லாம் குன்வோரிடம் சொல்லவில்லை. சொன்னால் கெஞ்சுவதாக ஆகும். அரங்க வாசலில் ஸில்கேயிடம் மட்டும் சொன்னான்.

"அவங்க நார்வே மொழியிலதான் படிப்பாங்களாம்," என்றாள் ஸில்கே. "ஒருத்தருக்கும் புரியாது. புரியலைன்னா கண்டுபிடிக்கவும் முடியாது. அவங்க கணக்கு அது."

"டீட்ஸுக்கு என்ன புரியும்?"

"உங்க மீதிப் பக்கங்கள் புரியும்."

"மீதிப் பக்கத்துல நான் வானிலை பேசறேன், ஸில்கே. கன்னு பொறக்குது. அதிகாரியோட தங்கச்சி வந்து போறா. தபால்காரி காபி போடறா."

"நல்லா காபி போடுங்க," என்று ஸில்கே அவன் கோட்டிலிருந்த நூலை எடுத்துப் போட்டாள்.

அரங்கம் மூடப்பட்ட பழைய நீச்சல்குளம். தண்ணீர் இல்லாத குளத்துக்குள் நாற்காலிகள்; மேடை ஆழமான பக்கத்தில். எது பேசினாலும் சுவர் ஓடுகளில் பட்டு ஒரு தடவை திரும்பி வந்தது. ரைமுண்ட் தன் பங்கைப் படித்தான். மாட்டு டாக்டரைக் கடனுக்குப் பேசவிட்டான். நன்றாகப் பேசவைத்து என்ன பயன் என்று வெறுப்பாக இருந்தது. பிறகு புத்தகத்தை மூடி, விளக்கைக் குன்வோர் பக்கம் நகர்த்தினான். இத்தனை வருடத்தில் விளக்கை அந்தத் திசையில் அவன் நகர்த்தியதில்லை.

குன்வோர் படித்தாள். படகு தாமதம் என்று அறிவிக்கிற மாதிரியேதான் படித்தாள். ஏற்றமில்லை, இறக்கமில்லை. ஒரு சொல்லும் புரியாத கூட்டம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, தூங்கிவிடுவார்கள் என்று ரைமுண்ட் நினைத்தான். யாரும் தூங்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தி கணவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கையெழுத்துக்கு நின்ற வரிசையில் முதலாவதாக வந்தவள் புத்தகத்தை நீட்டிக்கொண்டே, "பொம்பளைன்னு நான் நினைக்கவேயில்ல," என்றாள்.

"யாரு பொம்பளை?" என்றாள் குன்வோர்.

"கொலைகாரி. உங்க குரலைக் கேட்டதும் முதுகு சில்லுனு ஆயிடுச்சு. அந்த விசாரணை அதிகாரியோட தங்கச்சிதானே?"

"நான் டெலிபோன் புத்தகம் மாதிரி படிச்சேன்!"

"அதான் பயமே. ஒரு இரக்கமும் இல்லாம..."

அடுத்தவர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். "தங்கச்சி இல்ல, தபால்காரி. காபி போடறப்பவே எனக்குத் தெரியும்." பின்னால் நின்றவர்கள் கட்சி பிரிந்து வாதாட ஆரம்பித்தார்கள். மாட்டு டாக்டர் பெயர் யார் வாயிலும் வரவில்லை. வரிசையில் நின்ற ஒருவருக்கும், படித்தது பெண் என்பதைத் தவிர வேறு எதுவும் காதில் விழவில்லை. குன்வோர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனாள். போகப்போகக் கையெழுத்துப் பெரிதாகி, தாளைக் கிழிக்கிற மாதிரி ஆனது. ரைமுண்ட் பக்கத்தில் தண்ணீர்க் குவளையோடு நின்றான். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஹெர் டீட்ஸ் வந்து அவன் கையைக் குலுக்கினார்.

"கன்னுக்குட்டி அருமை," என்றார். பிறகு ஸில்கேவை ஓரமாக அழைத்துப் போனார்.

மறுநாள் காலை ஓட்டல் சாப்பாட்டு அறையில் குன்வோர் வழக்கம்போல ரொட்டிகளை அறுத்து, நடுவில் பாலாடைக்கட்டி வைத்து, மதியத்துக்காகக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாள். ஓட்டல்காரர்கள் பார்ப்பார்களே என்று ஸில்கே ஒவ்வொரு நாளும் நெளிவாள். இன்று நெளியக்கூட நேரமில்லை.

"டீட்ஸுக்கு ஒரு யோசனை," என்றாள் ஸில்கே, ரைமுண்டைப் பார்க்காமல். "சாய்ந்த எழுத்து அத்தியாயங்களை மட்டும் ஒரு நடிகையை வைச்சுப் பதிவு பண்ணலாமாம். மீதியையும் அப்படியே... புது ஆளுங்களை வைச்சே எடுத்துக்கலாம்னு. இளைய குரலா. ஹெர் பாஸ்லர், இது இன்னும் முடிவில்ல."

ரைமுண்ட் முட்டையின் தலையைக் கரண்டியால் தட்டினான். கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டான். மஞ்சள் கரு தட்டில் ஓடியது.

"முடியாது," என்றாள் குன்வோர்.

"ஏன்? சனங்களுக்குப் பிடிச்சுதே?"

"கொலை பண்றவன் ஆம்பளை. பொம்பளையை வைச்சுப் படிச்சா அது பொய். தீயணைப்பு நிலையத்துல இவன் பண்ண அதே பொய். இவன் ஒரு ராத்திரிக்குப் பண்ணான், நீங்க ஒலித்தட்டுல பதிச்சு விக்கப் பாக்கறீங்க."

"அப்ப யாரைப் போடறது?"

"அதான் தெரியல. இவனைப் போட்டா முதல் மணி நேரத்துலயே தெரிஞ்சுடும்." அவள் கத்தியை வைத்தாள். "நான் படிச்சாலும் நான் யாருன்னுதான் கேக்கறாங்க. ஒருத்தரும் எழுத்தைக் கேக்கல."

ரைமுண்டுக்குப் பொறுக்கவில்லை. நாப்கினைச் சுருட்டி எறிந்தான்.

"இத்தனை நாளும் அதைத்தானே சொல்லிட்டிருந்தேன்! அவனை மறைக்க முடியாது. நான் மறைச்சா வேற எவனாவது மாட்டிக்கறான். மறைக்கணும்னா ஒரே வழிதான். மத்தவங்க எல்லாரையும் அவனை மாதிரி பேச வைக்கணும். அது ஒண்ணுதான் மிச்சம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டது. குன்வோர் அவனைப் பார்த்தாள். பிறகு பைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்து, ரொட்டிப் பொட்டலங்களை விலக்கி, அவன் முன்னால் வைத்தாள்.

"படி."

"இங்கயா?"

"வேற எங்க? தபால்காரியைப் படி."

அவன் தாழ்ந்த குரலில் தபால்காரி காபி போடுகிற இடத்தைப் படித்தான். சாதாரணப் பேச்சு, யார் வீட்டுக்கு என்ன கடிதம் வந்தது என்பது. வாக்கியம் முடியும் முன் அந்த மூச்சை அவளுக்கும் கொடுத்தான். குன்வோர் பக்கத்தைத் திருப்பினாள். பாதிரியார். அவருக்கும் கொடுத்தான். விசாரணை அதிகாரியிடம் அவன் தங்கை பேசுகிற இடம். அங்கேயும் அந்த மூச்சு சரியாகப் போய் உட்கார்ந்தது. கடைசியாக மாட்டு டாக்டரைப் படித்தபோது அவன் நால்வரில் ஒருவனாக இருந்தான், அவ்வளவுதான்.

"இது பொய் இல்லையா?" என்றாள் ஸில்கே.

"தபால்காரி கடிதத்தைப் பிரிச்சுப் படிக்கறா," என்றாள் குன்வோர். "பாதிரியார் குடிக்கறார். தங்கச்சி அண்ணன் பேர்ல இருந்த வீட்டை வித்துட்டா. எல்லாருமே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பேசணும். நான் அப்படித்தான் எழுதியிருக்கேன்னு இப்பதான் எனக்கே தெரியுது."

காபிக் குடுவையோடு வந்த பணிப்பெண் எப்போது நின்றாள் என்று தெரியவில்லை. ஊற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு செஞ்சது?" என்றாள்.

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"உனக்கு யாருன்னு தோணுது?" என்றாள் குன்வோர்.

பணிப்பெண் யோசித்தாள். "ஒருத்தர்கூட நம்பற மாதிரி இல்லையே," என்று சொல்லிவிட்டு ரைமுண்டின் கோப்பையை நிரப்பினாள்.

குன்வோர் ஸில்கே பக்கம் திரும்பினாள். "டீட்ஸ்கிட்ட சொல்லு. இவன்தான். எல்லாப் புத்தகமும்."

ரைமுண்ட் நன்றி சொல்ல வாயைத் திறந்தான். அவள் அதற்குள் கையைக் காட்டினாள்.

"இரு. ஸ்டுடியோவுக்கு நானும் வரேன். தினமும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து கேப்பேன்."

"தினமுமா?"

"ஒவ்வொரு நாளும். இன்னொண்ணு, ரொம்ப மெதுவா படிக்கறே. எங்க தீவுல யாரும் இப்படி இழுத்து இழுத்துப் பேச மாட்டாங்க. குளுருது, வாயை மூடணும்."

இரண்டு வருடம். ஒரே அறை. ரைமுண்ட் காபியைக் குடித்தான், நாக்கைச் சுட்டது.

"ஃப்ராவ் ஹெலேலான்ட்," என்றான், "குறைஞ்சபட்சம் அங்கயாவது நீங்கன்னு கூப்பிடுவீங்களா?"

"மாட்டேன்," என்றாள் குன்வோர். "அந்தப் பக்கத்தைத் திரும்பப் படி. பாதிரியார்ல ஒரு இடத்துல மூச்சை விட்டுட்டே."